டி பிளாக் கிரகப்பிரவேசம்

தஞ்சாவூருக்கு வெளியே, எந்த மாடியில் ஏறி நின்றாலும் ஆறு கண்ணில் படாத ஒரு மேட்டில் கட்டப்பட்டதாலோ என்னவோ 'பொன்னி வியூ' என்று பெயர் சூட்டப்பட்ட அடுக்ககத்தில், நான்கு பிளாக் கட்டித் தருவதாகச் சொன்னவர் மூன்றைக் கட்டிவிட்டு மலேசியாவில் இருக்கும் மகளைப் பார்த்துவரப் போய்ப் பல வருடங்கள் ஆன பிறகு, நான்காவது பிளாக் தானாகவே முளைக்கத் தொடங்கியது. அது மார்கழியில் முளைத்ததா தையில் முளைத்ததா என்பதில் அங்கே இரண்டு கட்சி உண்டு. குப்பையிலிருந்து முளைத்தது என்பதில் கட்சி எதுவும் இல்லை, ஏனென்றால் எல்லார் வீட்டுக் குப்பையும் அதில் இருந்தது.

டி பிளாக் வரவேண்டிய அந்தக் காலி மனையில்தான் ஏ, பி, சி பிளாக்குகளில் இருந்தவர்கள் குப்பையைக் கொட்டினார்கள். கொட்டினார்கள் என்பது கொஞ்சம் கடுமையான சொல். அவர்கள் கணக்கில், இட்லி மாவு வழித்த கவரையும் குழந்தையின் டயப்பரையும் தீர்ந்துபோன பேட்டரியையும் நேற்றைய ரசத்தையும் ஒரே பையில் கட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று விசாரிப்பது, வழியனுப்பிய விருந்தாளியின் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை போய் ஒளிந்து பார்ப்பதைப் போல நாகரிகமற்ற செயல் என்று நினைத்தார்கள்.

இதில் நாகரிகமில்லாத ஒரே ஆள் தில்லைநாயகி. சி பிளாக் முதல் மாடியில், காலி மனையை ஒட்டிய வீடு அவளுடையது. ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களை வகைப்படுத்தி எண் ஒட்டும் வேலையில் அவள் பாதி ஆயுளைக் கழித்திருந்தாள். உலகத்தில் உள்ள எந்தப் பொருளுக்கும் ஓர் இடம்தான் உண்டு, இரண்டு இடத்தில் இருக்கத் தகுதியுள்ளதாகத் தோன்றும் பொருள் சரியாகப் பார்க்கப்படாத பொருள் என்பது அவள் கொள்கை. வீட்டில் ஈரக் குப்பைக்கு ஒரு தொட்டி, உலர் குப்பைக்கு ஒரு தொட்டி, பல்பு, ஊசி, மாத்திரை வகையறாவுக்கு ஒரு டப்பா என்று வைத்திருந்தாள். பால் கவரைக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்த பிறகுதான் உலர் தொட்டியில் போடுவாள். கணவர் சபேசன் போட்டது சரியான தொட்டியில்தான் விழுந்திருக்கிறதா என்று தினமும் ஒரு பழைய கரண்டியால் கிளறிப் பார்ப்பாள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவரான சபேசன், மின்சாரத்தைப் போலவே எதிர்ப்பு குறைந்த பாதையில் செல்பவர். சர்க்கரை வியாதி வந்த பிறகு அவரையும் அவள் ஒரு வகைக்குள் வைத்திருந்தாள். அவரும் அதில் இருந்தார்.

அவளுடைய அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்தது. காலையில் வெயில் காலி மனையைத் தாண்டி வந்து அடுப்புமேடையில் விழும். டம்ளரும் கையுமாக அந்த வெயிலில் நின்று காப்பி குடிக்கும் கொஞ்ச நேரம்தான் அவளுடைய நாளில் எந்த எண்ணும் ஒட்டப்படாத நேரம். அதற்குப் பிறகு சமையல், பஸ், நூலகம், மறுபடி சமையல். அந்த ஜன்னலுக்கு வெளியே குப்பை மேடு உயர்ந்துகொண்டு வந்ததைப் பார்த்துத்தான், அடுக்ககத்தில் மறுசுழற்சி ஏற்பாட்டைத் தொடங்கியே ஆகவேண்டும் என்று அவள் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினாள். டவுனில் ஒரு மகளிர் கூட்டுறவுக் குழு வண்டி வைத்து உலர் குப்பையை எடுத்துப்போய்ப் பிரித்து அனுப்புகிறது, ஈரக் குப்பையை உரமாக்கவும் சொல்லித்தருகிறது, நாம் செய்யவேண்டியது பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் என்றாள்.

கூட்டம் அதைக் கவனமாகக் கேட்டது, பிறகு ஆட்சேபங்களைத் தெரிவித்தது. பச்சைத் தொட்டியை வைக்க ஈசானிய மூலை ஆகாது, மற்ற மூலைகளில் கார்கள் நிற்கின்றன. வரியும் கட்டிவிட்டுக் குப்பையையும் நாமே பிரிப்பதென்றால் அப்புறம் அரசாங்கம் எதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கு வைத்த பிறகு வீட்டுக் குப்பை வாசலைத் தாண்டக்கூடாது, வெள்ளிக்கிழமை எந்த நேரத்திலும் தாண்டக்கூடாது, மகாலட்சுமி கூடவே போய்விடுவாள். வண்டிக்காரர்களோ சாயங்காலமும் வருவார்கள், வெள்ளிக்கிழமையும் வருவார்கள். மகாலட்சுமி அழுகின தக்காளியோடுதான் வெளியே போவாளா என்று தில்லைநாயகி கேட்டது அவளுக்கு எதிராகவே முடிந்தது. சங்கத் தலைவர் வேதரத்தினம், பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர், இதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார். துணைக்குழு ஒருமுறை கூடி, பேப்பர் கப்பில் காப்பி குடித்து, கப்புகளை மதிலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்துக் கலைந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் பார்த்தால் மேட்டின் இடத்தில் தரைத்தளம் நின்றது. பால் கவர்களை ஓலை முடைவதைப் போல முடைந்து, சாம்பார் சாதத்தைச் சாந்தாகப் பூசி எழுந்த சுவர்கள். காலி மாத்திரை அட்டைகள் பதித்துப் பளபளத்த தரை. உடைந்த டீப்பாய்க் கண்ணாடிகளால் ஜன்னல். பத்தாம் வகுப்புக் கைடுகளும் வினாவங்கிகளும் அடுக்கிய மாடிப்படி. படித்தவர்கள் ஏறிப்போனதற்கான தடயம் அந்தக் கைடுகளில் எங்கும் இல்லாததால் படிகள் புத்தம் புதிதாக இருந்தன.

வாட்ஸப் குழுவில் முதலில் வந்த கேள்வி, யார் அனுமதி கொடுத்தது என்பது. அடுத்து வந்தது ரோஜாப் பூவோடு ஒரு காலை வணக்கம். அதற்கடுத்து, கார் நிறுத்த இடம் உண்டா என்று ஏ பிளாக்கிலிருந்து ஒருவர் கேட்டார், அத்தோடு அந்தக் கட்டடம் அடுக்ககத்தின் இயல்பான விவகாரங்களில் ஒன்றாகிவிட்டது. வேதரத்தினம் போய்க் கைத்தடியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். பீம் இல்லை, தூண் இல்லை, அஸ்திவாரமும் இல்லை. ஆனாலும் நிற்கிறது, இவை எல்லாம் இருந்தும் நிற்காதவற்றைத் தன் பணிக்காலத்தில் பார்த்திருப்பதால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அறிவித்தார். வாடை ஒன்று வந்தது உண்மைதான். புது வீடென்றால் கொஞ்ச நாள் வாடை இருக்கத்தான் செய்யும் என்று சொன்னார்கள்.

முதல் மாடி எழுந்தபோது தில்லைநாயகியின் ஜன்னல் மூடிப்போனது. ஒரு நாள் கீழ்ப்பாதி, மறுநாள் மேல்பாதி. மூன்றாம் நாள் காலை அவள் டம்ளரோடு போய் நின்றபோது எதிரே மஞ்சளாக, ஈரப்பசையோடு ஒரு சுவர் ஜன்னல் கம்பியை ஒட்டி நின்றது. அடுப்படியில் பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று. அவள் காப்பியை டியூப்லைட் வெளிச்சத்தில் குடித்தாள், அது மருந்தைப் போல இருந்தது.

அவள் கவனிக்கத் தொடங்கினாள், ஏனென்றால் கவனிப்பதற்குத்தான் கல்லூரி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. பழைய பேப்பர்காரனுக்காக அவள் கட்டி வைத்த செய்தித்தாள் கட்டு ஒன்று மனையோரம் கிடந்தது. கட்டடம் அதைச் சுற்றி வளர்ந்ததே தவிரத் தொடவில்லை, குழந்தை கறிவேப்பிலையை ஒதுக்குவதைப் போல ஒதுக்கித் தள்ளியது. கழுவிய பாட்டில்களைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள், அவையும் உருண்டு வெளியே வந்தன. எது எதோடு கலந்திருக்கிறதோ அதுதான் ஒட்டியது. அடுத்த கூட்டத்தில் அவள் இதை ஆதாரங்களோடு விளக்கினாள். எல்லாரும் பிரித்துப் போட்டால் டி பிளாக் மேலே வளராது, நாளடைவில் உதிர்ந்தும் போகும், மறுசுழற்சி வண்டிக்கும் இடம் கிடைக்கும் என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் முதல்முறையாக அவள் சொன்னதை முழுவதுமாகப் புரிந்துகொண்டது. அதன் அறிகுறியாக, எதிர்வீட்டுப் பிரபாவதி கையைத் தூக்கினாள்.

"அப்ப பிரிக்காம போட்டா இன்னும் ஒரு மாடி ஏறுமா அக்கா?"

அன்றிலிருந்து பொன்னி வியூவில் குப்பை இதற்கு முன் கண்டிராத சிரத்தையோடு கலக்கப்பட்டது. அதுவரை சோம்பேறித்தனமாகவாவது செய்தித்தாளைத் தனியே வைத்திருந்தவர்கள் அதைக் கிழித்து மோரில் ஊறவைத்தார்கள். பிரபாவதி வீட்டில் பழைய செருப்பையும் பாகற்காய்த் தோலையும் ஒரு வாளியில் போட்டு மத்தால் கடைந்தார்கள். வேதரத்தினம் கலவை விகிதம் பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார், அதையும் கலந்தார்கள். கட்டடம் நன்றி மறக்கவில்லை, அழகாக ஏறியது.

ஏற ஏற ஒவ்வொருவருக்கும் தெரியவந்தது, அங்கே இருந்த வீடு ஒவ்வொன்றும் அவரவர் வீட்டுக் குப்பையால் ஆனது என்று. தன் மாமியார் வேண்டாம் வேண்டாமென்று சொல்லச் சொல்லத் தான் தூக்கிப் போட்ட மர பீரோவைப் பிரபாவதி இரண்டாம் மாடியில் அடையாளம் கண்டாள். அதைச் சுற்றியிருந்தது முழுவதும் அவள் வீடுதான், அவள் கழித்துக்கட்டியவற்றை மட்டும் வைத்துக் கட்டிய அவள் வீடு. வேதரத்தினம் மூன்றாம் மாடியில், தன் மனைவி பாட்டுக் கற்றுக்கொள்வதை நிறுத்திய வருடம் வெளியே போட்ட சுருதிப் பெட்டியைக் கண்டு அதன் துருத்தியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, அந்த வீட்டைத் தன்னுடையது என்று பதிவு செய்துகொண்டார். எல்லாருக்கும் இப்படி இன்னொரு வீடு கிடைத்தது. கல்லூரிப் பையன்களுக்கு வாடகைக்கு விடலாமா, மகள் கல்யாணத்துக்குக் கொடுக்கலாமா என்ற யோசனைகள் படிக்கட்டுகளில் ஏறி இறங்கின. தில்லைநாயகி பெயரில் மட்டும் அங்கே ஒரு செங்கல்லும் இல்லை, அதாவது ஒரு டயப்பரும் இல்லை. பிரபாவதி வந்து துக்கம் விசாரிக்கும் குரலில், சுத்தமாக இருப்பது நல்லதுதான், ஆனால் அதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சபேசனாவது கோபப்படுவார் என்று தில்லைநாயகி எதிர்பார்த்தாள். அவர் இருக்கிற வீடு போதும் என்று சொல்லிவிட்டு மப்ளரைச் சுற்றிக்கொண்டு படுக்கப் போனார். கொஞ்ச காலமாகவே அவர் திருப்தியான மனிதராக மாறியிருந்தார். காலை நடைக்குக் கிளம்பிவிட்டால் சாவகாசமாகத்தான் திரும்புவார், முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். நடந்தும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. தில்லைநாயகி சோற்றைச் சந்தேகப்பட்டு அதைக் குறைத்தாள்.

டி பிளாக்கின் மொட்டைமாடி முடிந்ததும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலை நல்ல முகூர்த்தம் என்று சாஸ்திரிகள் சொன்னார். எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே பந்தியில் முடித்துவிடுவதாக ஏற்பாடு. அந்தச் செய்தி வந்த அன்று தில்லைநாயகி மாடிப்படியில் பிரபாவதியை நிறுத்திப் பேசினாள். அவள் முகம் அப்போது, அரிதான ஒரு புத்தகத்துக்கு எண் கண்டுபிடித்துவிட்டவளின் முகமாக இருந்தது.

"ஏன் பிரபா, பால் காய்ச்சறதுக்கு முன்னாடி வீட்டைக் கூட்டிச் சுத்தம் பண்ண வேண்டாமா? அழுக்கோட பால் பொங்கினா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"வெள்ளிக்கிழமை கூட்டித் தள்ளக்கூடாதேக்கா."

"அதான் சொல்றேன். வியாழக்கிழமையே, விளக்கு வைக்கறதுக்குள்ள முடிச்சுடுங்க."

பிரபாவதி படி ஏறி முடிப்பதற்குள் செய்தி வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. தில்லைநாயகி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகளிர் குழுவின் அற்புதமேரிக்குப் போன் செய்தாள். வண்டி ஓட்டுவதும், சரக்கைப் பார்த்து ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதும் அற்புதமேரிதான். வியாழக்கிழமை சாயங்காலம் பெரிய வண்டியாக எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று பிளாக்குகளின் துடைப்பங்களும் டி பிளாக்குக்குள் நுழைந்தன. தரையைக் கூட்டினார்கள், தரை வந்தது. ஒட்டடை அடித்தார்கள், கூரை வந்தது. மூலையில் கொஞ்சம் குப்பை இருக்கிறதே என்று கூட்டினால் மூலையே கையோடு வந்தது; அதற்குப் பின்னால் இன்னொரு மூலை தெரிந்தது, அதுவும் சுத்தமாக இல்லை. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. பாதி கூட்டிய வீட்டில் பால் காய்ச்சுவது கேள்விப்படாத விஷயம், பக்கத்து வீட்டுக்காரி கூட்டிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் நிறுத்துவது அதைவிடக் கேவலம். மேல்மாடிக்காரர்கள் கூட்டக் கூட்ட மெதுவாகக் கீழே இறங்கி வந்து, இறங்கியதே தெரியாமல், தரைத்தளத்துக்காரர்களோடு சேர்ந்து மண்ணில் நின்று கூட்டினார்கள்.

குவிந்ததை வைத்துச் சண்டை வந்தது. இந்தக் கதவு என்னுடையது, அந்தச் சுவர் உன்னுடையதில்லை, நாங்கள் இந்தப் பால் வாங்குவதே இல்லை என்று குரல்கள் எழுந்தன. யாருடையது எது என்று நிரூபிக்க வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பினார்கள். பால் கவர் ஒரு பக்கம், அதிலும் நீலம் தனி, ஆரஞ்சு தனி. பாட்டில் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், மின்சாதனம் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம். கவரின்மேல் போட்டிருக்கும் தேதியைப் படிக்கவேண்டியிருந்ததால் கழுவவும் கழுவினார்கள். வீட்டில் சொந்தத் தட்டைக் கழுவாத ஆண்கள் மடித்துக் கட்டிய வேட்டியோடு குழாயடியில் தயிர் டப்பா அலசினார்கள். தில்லைநாயகி வருடக்கணக்கில் கெஞ்சிக் கேட்டதை அவர்கள் ஒரு மதியத்தில், ஒருவரையொருவர் நம்பாத காரணத்தால் மட்டுமே, செய்து முடித்தார்கள்.

வெளிச்சம் சாயத் தொடங்கியது. இன்னும் சற்று நேரத்தில் விளக்கு வைக்கவேண்டும், வைத்துவிட்டால் எதையும் தள்ள முடியாது, விடிந்தால் வெள்ளி. எல்லாரும் கையில் துடைப்பத்தோடு இதை யோசித்துக்கொண்டு நின்றபோது அற்புதமேரியின் லாரி வாசலில் வந்து நின்றது. யாரும் ஏற்றச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அற்புதமேரி கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வரிசைகளைப் பார்த்தாள்.

"இத்தனை நேர்த்தியா யாரு பிரிச்சது?"

வேதரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சங்கம்" என்றார்.

அந்தக் கணத்திலிருந்து அது சங்கத்தின் நீண்டகாலத் திட்டமாக இருந்தது. லாரி இரண்டு நடை போனது. காலி மனை பல வருடங்களுக்குப் பிறகு காலி மனையாகக் கிடந்தது. ஒன்று மட்டும் மிச்சம். சி பிளாக்கின் முதல் மாடி உயரத்தில், கீழே எந்த ஆதாரமும் இல்லாமல், தில்லைநாயகியின் அடுப்படி ஜன்னலை அடைத்துக்கொண்டு மஞ்சளாக ஓர் அறை தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் கூட்டவில்லை, ஏனென்றால் அது யாருடையதும் இல்லை. அது எப்படி விழாமல் நிற்கிறது என்று வேதரத்தினம் மட்டும் கேட்டார். பொறியாளராக இருந்து தொலைத்ததால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அற்புதமேரி அண்ணாந்து பார்த்தாள். கலந்த குப்பை ஒரு மூலையில் இருந்தாலும் மறுபடி எல்லாம் தொடங்கிவிடும், பல இடத்தில் பட்டாயிற்று என்றாள். சனிக்கிழமை காலை வருவாள். அது போயிருந்தால் வாராவாரம் வண்டி வரும், உரக்குழியும் போட்டுத் தருவார்கள். இருந்தால் வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவாள், மகளிர் குழுவுக்காக வேறு இடங்கள் காத்திருக்கின்றன. கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் தில்லைநாயகியைப் பார்த்தது.

"எங்க வீட்லேர்ந்து ஒரு பொட்டுக் குப்பை அந்தப் பக்கம் போனது கிடையாது" என்றாள் அவள். சபேசன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து, பல மாதங்களாகச் சாத்தியே கிடந்த ஜன்னல் கதவைத் திறந்து, கரண்டிக் காம்பால் அந்தச் சுவரைக் குத்தினாள். அது மெத்தென்று உள்ளே போனது. கையோடு வந்தது கீழவாசல் மிட்டாய்க் கடையின் மஞ்சள் கவர், உள்ளே பாசிப்பருப்பும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அசோகா அல்வாவின் பிசுக்கு. அடுத்ததும் மஞ்சள் கவர். அதற்கடுத்ததும். கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். சுவர், கூரை, தரை எல்லாமே அதே கவர்தான். நடுவில் அவர்கள் வீட்டுப் பழைய மடக்கு நாற்காலி, அதன்மேல் சபேசனின் மப்ளர். அவளுடைய வெயிலை அவளிடமிருந்து மறைத்தது அவள் வீடுதான். அவள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் டியூப்லைட்டில் காப்பி குடித்த காலைகளில் அவர் அந்தப் பக்கம், முழு வெயிலில், ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து அசோகா தின்றிருக்கிறார்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள்.

"நீ தொட்டியைக் கிளறிப் பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்து" என்றார் சபேசன். குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை, மீட்டர் கணக்குப் படிப்பவரின் குரலில் சொன்னார். "வேற எங்கே போடறது, தில்லை? ஜன்னலைத் திறந்து வெளியில போட்டேன். அது பாட்டுக்கு ரூமாயிடுச்சு. சும்மா கிடக்கேன்னு, நடைக்குப் போறப்ப டி பிளாக் படி வழியா ஏறிப் போய் உக்காந்தேன்."

அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள். அவள் குறைத்திருந்த சோற்றைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் காப்பி போட்டாள். குத்திய ஓட்டை வழியே மேடையில் ஒரு காசு அளவுக்கு வெயில் விழுந்திருந்தது. ஜன்னல் கம்பிச் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டையை ஆள் நுழையும் அளவுக்குப் பிரித்து, புடவையைத் தூக்கிச் செருகி, மேடைமேல் ஏறி, அந்த அறைக்குள் இறங்கினாள். தரை அவளைத் தாங்கியது. நான்கு பக்கமும் மஞ்சள் கவர்கள் வழியே வந்த வெயில், அவள் அத்தனை வருடம் அடுப்படியில் நின்று அறிந்த வெயிலைவிடக் கெட்டியாக, பாகு பதத்தில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். காப்பியை ஆறவிட்டு, மிச்சம் வைக்காமல், மெதுவாகக் குடித்தாள். இந்த அறையை எந்தப் பிரிவில் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டாள்.

கீழே கிரகப்பிரவேசம் நடந்தது. வீடு இல்லாதது அதற்குத் தடையாக இல்லை. சாஸ்திரிகளுக்குச் சொல்லியாயிற்று, சமையல்காரர் கேசரி கிண்டிவிட்டார். காலி மனையின் நடுவில் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினார்கள், கிழக்குப் பக்கம் பொங்கியதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இல்லாத வாசற்படிகளில் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். பந்தியில் வாழை இலைதான் போட்டார்கள். இப்போது அது சங்கத்தின் கொள்கை. தில்லைநாயகி இலையில் உட்கார்ந்ததும் வேதரத்தினம் எதிரே வந்து நின்று, மறுசுழற்சியின் அவசியத்தைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னார். ஒரு வீட்டின் அலட்சியம் மொத்தக் குடியிருப்பையும் பாதிக்கும், வருங்காலத் தலைமுறை நம்மை மன்னிக்காது என்றார். அவை அவள் முதல் கூட்டத்தில் பேசிய வாக்கியங்கள், ஓரிரு சொற்கள் மட்டும் மாறியிருந்தன. வண்டி நாளைக் காலை வந்துவிடும், ஆகையால் இன்றைக்கே அந்த அறையை இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். பந்தி முழுவதும் மெல்வதை நிறுத்திக்கொண்டு காத்திருந்தது.

தில்லைநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே சார். வீட்டுக் குப்பையை எப்படி வாசல் தாண்டித் தள்றது?"

 பெண்கள் வரிசையில் ஒருத்தி ஆமாம் என்றாள், அப்புறம் எல்லாரும் ஆமாம் என்றார்கள். வேதரத்தினம் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். பிரபாவதி வந்து கேட்காமலேயே இரண்டாவது கரண்டி கேசரி போட்டு, தோளில் கை வைத்து, "நல்லா சாப்பிடுங்கக்கா" என்றாள். பொன்னி வியூ தில்லைநாயகியைத் தங்களில் ஒருத்தியாக ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலை, அற்புதமேரியின் வண்டி சாலை திரும்பும் சத்தம் கேட்டபோது, அறையில் ஒரு சுவர்தான் பாக்கி இருந்தது. சபேசன் கவர்களை உரித்துக் கொடுக்க, தில்லைநாயகி மேடைக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் தொடங்கியும் முடியவில்லை, பிசுக்கு லேசில் போகவில்லை. மடக்கு நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தார்கள், அதை எந்தத் தொட்டியிலும் சேர்ப்பதாக இல்லை. சுவர் இறங்க இறங்க வெயில் ஜன்னலின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் வந்தது. சாதாரண வெயில், நிறம் எதுவும் இல்லாதது. அவள் நினைவில் வைத்திருந்ததைவிட அது கொஞ்சம் வெளுப்பாக இருந்தது.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. சபேசன் கடைசிக் கவரை நீட்டினார். பிரிக்காத கவர், வியாழக்கிழமை காலை வாங்கியது, அன்றைய கலவரத்தில் தின்ன மறந்து போயிருக்கிறார்.

"இது எந்தத் தொட்டி?"

"கவர் உலர். கழுவிட்டுப் போடணும்."

"உள்ளே இருக்கறது?"

அவள் பிரித்துப் பார்த்தாள். ஒரு கை அளவு அசோகா, சிவப்பாக, நெய் கக்கிக்கொண்டு, ஜன்னல் வெயிலில் மின்னியது. இரண்டாம் முறை ஹாரன் கேட்டது. படியில் பிரபாவதி, அக்கா வண்டி வந்தாச்சு என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"ஈரம்" என்றாள் தில்லைநாயகி. அதில் பாதியைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கணவரின் கையில் வைத்தாள். "கவரைக் குடுங்க, கழுவணும்."